மாமாவின் மவுத்பீஸ்

என் ரெக்கார்டிங் ஸ்டுடியோ மேஜை இழுப்பறையில், சாக்ஸபோனில் வாய் வைத்து ஊதும் மவுத்பீஸ் ஒன்று கிடக்கிறது. கறுப்பு நிறம். மேல்பக்கம் மாமாவின் பல் பதிந்த இரண்டு பள்ளங்கள். பென்சில் தேடிக் கையை விடும்போதெல்லாம் தட்டுப்படும்.

மாமா, அம்மாவின் தம்பி. ரயில்வே வொர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ரயில்வே காலனியின் கிறிஸ்துமஸ் நடனங்களுக்கு வருஷம் தவறாமல் ஜாஸ் வாசித்தவர். ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி முதலாளிக்குத் தன் பெயரில் ஜாஸ் ஆல்பம் போட ஆசை வந்தது. வாங்கிய சாக்ஸபோன் பளபளத்ததே தவிர, ஒரு வரிகூட அவருக்கு ஒழுங்காக வரவில்லை. சைனிக்புரியில் இருக்கும் என் ஸ்டுடியோவுக்கு மாமாவை அழைத்து வந்தது நான்தான். ஒன்பது பாட்டையும் அவரே வாசித்தார். கேட்டது ஒன்றே ஒன்று. "பின்னட்டைல வாசிச்சது நான்னு என் பேரு இருக்கணும்டா. வேற ஒண்ணும் நக்கோ, வேணாம்." முதலாளி "ஷ்யூர் அங்கிள்" என்றார். "நான் பாத்துக்கறேன் மாமா" என்றேன் நான். பெரிய மனுஷன்!

கடைசி நாள் அட்டைப்படம் எடுக்க வந்த போட்டோகிராபர், புது சாக்ஸபோன் பொம்மை மாதிரி இருக்கிறது, மாமாவுடையதைப் பிடியுங்கள் என்றான். மவுத்பீஸைப் பார்த்ததும் முதலாளியின் முகம் கோணியது. "சானிடைசர் இருக்கா?" எடுத்துக் கொடுத்தவன் நான். மாமா எதிரிலேயே நிற்க, மூன்று முறை ஊற்றித் துடைத்தார். அப்படியும் உதடு படாமல் ஒரு விரல்கடை தள்ளிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி உருகினார். ஒன்பது பாட்டுக்கு அந்த மனிதரின் மூச்சு வேண்டும். எச்சில் மட்டும் ஆகாது. த்தூ!

அச்சுக்குப் போகும் முன் பின்னட்டை என் போனுக்கு வந்தது. சாக்ஸபோன் என்ற இடத்தில் முதலாளியின் பெயர். மாமாவின் பெயர் எங்குமே இல்லை. ஒலிப்பதிவு என்ற இடத்தில் என் பெயர், எழுத்துப் பிழையில்லாமல். அதை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். "ஓகே" என்று பதில் அனுப்பினேன். முதலாளியைக் காறித் துப்ப எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

வெளியீட்டு விழாவில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து மாமா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "ஹவ், ஆமா, உன் பேரு நல்லா வந்திருக்குடா" என்றார். மறுநாள் உப்பலிலிருந்து பஸ் ஏறி வந்து, மவுத்பீஸை என் மேஜைமேல் வைத்தார்.

"சுத்தமா இருக்கு. நீயே வெச்சுக்கோ."

இப்போது வேறொன்று வாங்கி வாசிக்கிறாராம். அம்மா சொல்லித்தான் தெரியும்.

நேற்று முதலாளி போன் செய்தார். அடுத்த ஆல்பமாம். தேதி குறித்துக்கொள்ள இழுப்பறையில் கையை விட்டேன். அது தட்டுப்பட்டது. ஒதுக்கிவிட்டுப் பென்சிலை எடுத்தேன்.