மில் வாசல் பூசணிக்காய்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை. ரைஸ் மில் முதலாளி ஜெயராமன் முழங்கையில் கட்டோடு ஊராட்சி அலுவலகத்துக்குள் நுழைந்தார். பின்னாலேயே அவர் மனைவி. உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் வழியில் உள்ள ஒரு சின்ன ஊராட்சியில் அப்போது நான் செயலர்.

"இன்னா தலைவரே, ரோடா கீது இது? பூசணிக்கா வழுக்கி ஸ்கூட்டரோட வுழுந்துட்டேன். அந்தப் பெருக்குறவள மொதல்ல வேலைய வுட்டுத் தூக்கு" என்றார்.

பெருக்குறவள் என்றது எங்கள் தூய்மைக் காவலர் தேவகியம்மாவை. தள்ளுவண்டியோடு ஊர் முழுக்க அவர் ஒருவர்தான். இரண்டு பெண்களைப் படிக்க வைப்பது அந்த வேலைதான். தலைவருக்கோ முதலாளி என்றால் பயம். தேர்தலில் தலைவருக்காக ஓடியது முதலாளியின் லாரி. 'நிறுத்திவிடலாமா?' என்பது போல என்னைப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆயுத பூஜை என்றால் லாரி, டிராக்டர், பைக் எல்லாவற்றையும் பளபளவென்று கழுவிவிட்டு, திருஷ்டியை நடுரோட்டில் போட்டு உடைப்பது எங்கள் வழக்கம். குங்குமம் தடவிய பூசணிக்காயை உடைத்தவர் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். பார்த்தால் ஒட்டிக்கொள்ளுமாம். தேவகியம்மாவுக்கு மட்டும் ஒட்டாது போலிருக்கிறது.

முதல் நாள் சாயங்காலமே அவர் மில் வாசலில் அள்ளப் போயிருந்தார். விடியும்வரை யாரும் தொடக்கூடாது என்று விரட்டியடித்தது சாட்சாத் இதே ஜெயராமன். தேவகியம்மா அப்போதே என்னிடம் வந்து சொல்லிவிட்டார். விடிவதற்குள் முதலாளி ஸ்கூட்டரை எடுத்துவிட்டார், அவ்வளவுதான்.

தேவகியம்மாவை வரவழைத்து நிறுத்திவிட்டு, அந்தப் பூசணிக்காய் யாருடையது என்று முதலாளியிடம் பணிவாகக் கேட்டேன். எவனோ உடைத்தது என்று சொல்ல வாயெடுத்தார். மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"நம்முது இல்லன்னு மட்டும் சொல்லிடாதீங்க. கழிச்சதெல்லாம் வூட்டுக்கே திரும்பி வந்துடும்."

முதலாளி தலைவரைப் பார்த்தார், கட்டைத் தடவினார். கடைசியில், "நம்முதுதான்" என்றார். புகார் அத்தோடு தீர்ந்தது. தேவகியம்மாவிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

"அப்ப இப்ப அள்ளலாமா சார்?" என்று கேட்டுவிட்டு அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

அடுத்த ஆண்டு முதலாளி திருந்திவிட்டார். பூசணிக்காயைப் பள்ளிக்கூட வாசலில் உடைத்தார்.

புதிதாகச் செயலர் வேலைக்கு வந்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தெரு அசிங்கம் என்று யார் கத்திக்கொண்டு வந்தாலும், பெருக்குகிறவரைத் திட்டாதீர்கள். குப்பை யாருடையது என்று முதலில் கேளுங்கள். அதையும் கத்துகிறவரின் வீட்டம்மா பக்கத்தில் இருக்கும்போது கேளுங்கள்.