செங்கண்ணி செய்த காற்றுத் தடுப்பு

படகுத்துறையில் அவளுக்குப் பெயர் செங்கண்ணி. யார் வைத்தார்களோ தெரியாது, ஒட்டிக்கொண்டுவிட்டது. காலையில் முதல் சவாரிக்கு வரும்போதே கண் சிவந்திருக்கும். மாலையில் இறங்கும்போது பழுத்த மிளகாய் மாதிரி இருக்கும். புதிதாக வரும் பயணிகள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துப் பின்வாங்குவார்கள். "பயப்படாம ஏறுங்க, அதுக்குக் கண்ணே அப்படித்தான்" என்று டிக்கெட் கொடுக்கும் அவள் அண்ணன் சிரித்துக்கொண்டே சொல்வான். தங்கைக்கு அவன் செய்த உபகாரங்களில் இந்தச் சிபாரிசும் ஒன்று.

மற்ற உபகாரங்களும் துறையில் எல்லோருக்கும் மனப்பாடம். அவனே சொல்லிச் சொல்லி மனப்பாடம் ஆக்கியிருந்தான். புருஷன் விட்டுவிட்டுப் போனவளைக் கூப்பிட்டு வீட்டில் வைத்துக்கொண்டது, பழைய துணி மூட்டைகளை ஒதுக்கிப் பின்பக்கம் ஓர் அறை கொடுத்தது, சும்மா உட்கார்ந்து சாப்பிட்டால் அவளுக்கே கூச்சமாக இருக்குமே என்று பெரிய மனசு பண்ணித் தன் ஸ்பீட் போட்டை ஓட்டக் கொடுத்தது. சம்பளம் என்ற சொல்லை மட்டும் அவன் வாயில் எடுத்ததில்லை. கூடப் பிறந்தவளுக்குச் சம்பளம் கொடுத்தால் பாசம் கெட்டுவிடும் என்பது அவன் கட்சி.

ஆறு கடலில் சேரும் இடம் அது. இந்தக் கரையில் ஊர், அந்தக் கரையில் தொழிற்சாலைகள். பெரிய லாஞ்ச் ஆடி அசைந்து போய்ச் சேர்வதற்குள் இவள் போய்த் திரும்பிவிடுவாள். அவசரக்காரர்கள் எல்லாம் இவள் படகில்தான் ஏறுவார்கள். சின்னப் படகு. பின்னால் எஞ்சின், நடுவில் ஆறு பேருக்கு இருக்கை, முன்னால் ஸ்டியரிங். அதற்கு முன்னால் ஒன்றும் கிடையாது, வெறும் காற்றுதான். வேகம் பிடித்ததும் உப்புத் தூவானத்தோடு அந்தக் காற்று முகத்தில் அறையும். அவளுக்கு முன்னால் ஓட்டியவர்கள் யாரும் நிலைக்கவில்லை. ஒருவன் எதிர்க்கரையில் ஆட்களை இறக்கிவிட்டு, சாவியை அங்கே பெட்டிக்கடையில் கொடுத்துவிட்டு, லாஞ்சில் ஏறி வீட்டுக்கே போய்விட்டான். அண்ணியின் தம்பியும் ஒரு தரம் முயன்று பார்த்தான். தலை வாருவதைத் தவிர வேறு தொழில் தெரியாதவன். பாதி வழியில் படகைத் திருப்பிக்கொண்டு வந்து கரையில் உட்கார்ந்து, கண்ணைக் கசக்கிக் கசக்கி அழுதான்.

இவள் நிலைத்தாள். போக்கிடம் இல்லாதவர்கள் எதிலும் நிலைப்பார்கள்.

கண் டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ரெண்டு கண்ணுலயும் வெள்ளை முழியில சதை வளருதும்மா. இப்போதைக்கு ஓரத்துல நிக்குது. கறுப்பு முழி மேல ஏறிட்டா பார்வை போயிடும். வெட்டி எடுத்தாலும் காத்து பட்டா திரும்ப வளரும். காத்துல போகாம இருங்க."

"காத்துல போறதுதான் டாக்டர் வேலையே."

"அப்ப வேலையை மாத்துங்க" என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். சட்டையை மாற்றுங்கள் என்பதுபோல அவ்வளவு சுலபமாகச் சொன்னார்.

கண்ணாடி போட்டுப் பார்த்தாள். தூவானம் பட்டு உப்புப் பூத்து, எதிரே மிதக்கும் வலைக்கட்டைகூடத் தெரியவில்லை. ஹெல்மெட் போட்டுப் பார்த்தாள். காற்று அதைப் பிடித்து இழுத்ததில் கழுத்து சுளுக்கிக்கொண்டது. பயணிகள் சிரித்த சிரிப்பு வேறு. கடைசியில் தயங்கித் தயங்கி அண்ணனிடம் கேட்டாள்.

"அண்ணே, படகுக்கு முன்னால ஒரு கண்ணாடி போட்டா நல்லாயிருக்கும். டாக்டர் வேற பயமுறுத்துறார்."

"டாக்டர் பயமுறுத்தத்தான் செய்வாரு, அது அவர் பிழைப்பு. எத்தனை வருஷமா ஓட்டுறே, இப்பத்தான் காத்து குத்துதோ?"

"முன்னாடியும் குத்துச்சு. சொல்லலை."

"அப்ப இப்பவும் சொல்லாதே" என்று அவன் அடுத்த டிக்கெட்டைக் கிழித்தான்.

சரி, நாமே செய்துகொள்வோம் என்று தீர்மானித்தாள். மூடிப்போன ஒரு மருந்துக்கடையின் கவுன்டரில் நின்ற அக்ரிலிக் பலகை பழைய சாமான் கடையில் தூசி படிந்து கிடந்தது. பேசுவதற்கு நடுவில் வட்ட ஓட்டை, மருந்தைத் தள்ளிக் கொடுக்கக் கீழே ஒரு வளைவு. ஓட்டை இருக்கும் பாதியைக் கழித்துவிட்டாலும் மீதி போதும். கீழே இருந்த வளைவு ஸ்டியரிங் மேட்டின்மேல் அளவெடுத்து வெட்டியதுபோல உட்கார்ந்தது. அதைப் பார்த்து அவள் தனியாகச் சிரித்தாள். சிரித்து நாளாகியிருந்தது, முகத்துக்கே பழக்கம் விட்டுப்போயிருந்தது.

பலகையை வெட்டுவதற்கு முன்னால் அட்டையில் ஒன்று செய்து படகில் கட்டிப் பார்த்தாள். மேல் விளிம்பிலும், தன் தலைக்குப் பின்னால் நட்ட குச்சியிலும் கம்பளி நூல்களைக் கட்டிவிட்டு பயணிகளை ஏற்றாமல் ஓட்டினாள். நூல் எந்தப் பக்கம் பறக்கிறதோ அந்தப் பக்கம் காற்று போகிறது. அட்டை நேராக நின்றபோது குச்சியில் இருந்த நூல் முன்பக்கமாகப் பறந்தது. தடுப்பைத் தாண்டிய காற்று சுருண்டு பின்வழியாக வந்து பிடரியில் அடித்தது. முதுகில் குத்துவதில் இந்தக் காற்றும் நம் வீட்டு ஆள்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அட்டையைச் சாய்த்தாள். காற்று நெற்றிக்கு ஏறியது. மேல் விளிம்பை மட்டும் மூன்று விரல் அகலத்துக்கு மடக்கி நிமிர்த்தினாள். நூல்கள் எல்லாம் தலைக்கு மேலே எழும்பிப் பறந்தன. உயரத்தைத் தன் மூக்கு நுனி மட்டத்தோடு நிறுத்திக்கொண்டாள். தடுப்பு வழியாகப் பார்த்தால் உப்புதான் தெரியும், அதற்கு மேலே பார்க்க வேண்டும்.

கார்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறவரிடம் சூடான காற்று ஊதும் கருவியை இரவல் வாங்கி வந்தாள். முதல் மடிப்பில் அவசரப்பட்டுச் சூடு அதிகமாகி, பலகைக்குள் குமிழ் குமிழாகப் பொங்கிவிட்டது. அந்தக் கீற்றை வெட்டி எறிந்துவிட்டு, பொறுமையாக அடுத்ததை வளைத்தாள். துளை போடும்போது ஒரு மூலையில் விரிசல் ஓடியது. விரிசலின் நுனியில் சின்னதாக இன்னொரு துளை போட்டதும் அதற்குமேல் ஓடாமல் நின்றது. விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்த்தாள். வாஷிங் மெஷின் குழாயை நெடுக்கக் கீறி விளிம்பில் மாட்டினாள். யார் கையையும் கிழிக்கக் கூடாதல்லவா.

அண்ணி வாசற்படியில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டாள். "என்ன நாத்தம் இது, வீடு எரியுதோன்னு நெனச்சேன். துணியெல்லாம் தூசி. ஓட்டுறது படகு, நெனப்பு என்னமோ ஏரோப்ளேன்னு."

"முடிஞ்சிருச்சு அண்ணி, பெருக்கிடறேன்."

படகில் மாட்டி முழு வேகத்தில் போனபோது அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. காற்று தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. கண்ணில் நீர் வரவில்லை. எதிர்க்கரையின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்க்க முடிந்தது. நடு ஆற்றில் "ஐயோ, நல்லாயிருக்கே" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. அவளுக்குக் காது கேட்டது.

எஞ்சின் இரைச்சலுக்கு மேலே பயணிகள் கத்தித்தான் பேசுவார்கள். இத்தனை வருஷமும் அந்தச் சத்தம் முன்னால் வந்ததில்லை, காதில் அடைந்த காற்று எதையும் உள்ளே விட்டதில்லை. இப்போது வார்த்தை வார்த்தையாக வந்தது. ஒரு புருஷன் பெண்டாட்டி சண்டையை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ரசித்துக் கேட்டாள். மறுநாள் இரண்டு ஆலைத் தொழிலாளிகள் அவளைப் பற்றியே பேசினார்கள்.

"செங்கண்ணிக்கு என்ன குறை? அண்ணன்காரன் தாங்குறான்."

"தாங்குறானா? மாட்டுக்குப் புல்லு போடுற மாதிரி போடுறான்."

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் யாரோ ஒருவன் உண்மையைச் சொன்னானே என்று அவனை இறங்கும்போது கைகொடுத்து இறக்கிவிட்டாள்.

அண்ணனும் தடுப்பை வந்து பார்த்தான். தட்டினான், ஆட்டினான், அவளை நகரச் சொல்லிவிட்டு ஒரு சுற்று தானே ஓட்டினான். "பரவாயில்லையே" என்றான். பிறந்ததிலிருந்து அவன் அவளைப் பாராட்டி அவள் கேட்டது அந்த ஒரு வார்த்தைதான். பைத்தியக்காரி, அன்று இரவு முழுக்க அதை நினைத்து நினைத்து மகிழ்ந்தாள்.

அடுத்த நாள் மத்தியானம் அண்ணன் தன் மச்சானைக் கூட்டிக்கொண்டு படகில் ஏறினான். அண்ணியின் தம்பி முன்பு அழுது திரும்பியவன்தான், இப்போது தலையைக்கூடத் தொடாமல் தைரியமாக உட்கார்ந்தான். வேறு பயணிகள் இல்லை. படகு வேகம் பிடித்ததும் அண்ணன், முன்னால் இருப்பவளுக்குக் கேட்காது என்ற பழைய பழக்கத்தில் தாராளமாகக் கத்தினான்.

"பாத்தியா மச்சான், முடி கலையுதா?"

"இல்ல மாமா! சொகமா இருக்கு!"

"அப்ப ஒண்ணாந்தேதியிலேர்ந்து நீயே ஓட்டு. உங்கக்கா உசிரை எடுக்குறா, தம்பி சும்மா இருக்கான், சும்மா இருக்கான்னு."

"இவங்க?"

"இவ இந்தக் காத்தைத் தாங்குறாளேன்னுதான் வச்சிருந்தேன். வேற எவன் தாங்குவான்? இப்பத்தான் அவளே காத்தை நிறுத்திட்டாளே."

மச்சான் சிரித்தான். "ரூமு?"

"நீ எடுத்துக்க. அவளை எங்கயாவது வீட்டு வேலைக்குச் சேத்து விடுவோம். தங்க எடம் கொடுக்குற வீடா பாத்து."

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவள் திரும்பிப் பார்க்கவில்லை. படகை நேராகக் கொண்டுபோய் எதிர்க்கரையில் அணைத்தாள். "பாத்து இறங்குங்க அண்ணே, பாசி வழுக்கும்" என்றாள். அவர்கள் அங்கே வேலை முடித்து லாஞ்சில் வருவதாகச் சொன்னார்கள். காலிப் படகைத் திருப்பினாள்.

நடு ஆற்றில் எஞ்சினை நிறுத்தினாள். அவளுக்கு ஆத்திரம் வந்தது, அழுகை வரவில்லை. நன்றாகத்தான் யோசித்தாள். தடுப்பு இருந்தால் கண் பிழைக்கும், ஆனால் இடம் போகும். தடுப்பு இல்லாவிட்டால் இடம் இருக்கும், கண் போகும். காற்றைத் தவிர அவளுக்குப் பரிந்து பேச உலகத்தில் யாரும் இல்லை. கழற்றிக் கையில் கொடுத்தால் அண்ணன் திரும்ப மாட்டச் சொல்வான். கடையில் ஒன்று வாங்கினாலும் வாங்குவான், மச்சானுக்காக என்றால் வாங்குவான். எந்தக் கண்ணாடியும் இனி இங்கே நிற்கக் கூடாது.

செய்தபோது எடுத்த சிரத்தையை அழிக்கும்போதும் எடுத்தாள். நடுத் திருகுகளைக் கழற்றினாள். இரண்டு ஓரங்களிலும் திருகுகளை அப்படியே விட்டு, பலகையைப் பின்னோக்கி வளைத்து நெம்பினாள். விரிசல் ஓடிய மூலை முதலில் உடைந்தது, பிறகு அடுத்தது. உடைந்த துண்டுகள் திருகுகளின் கீழே நின்றன, காற்று பிய்த்ததுபோலவே இருந்தது. நடுத் துளைகளில் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பி, படகின் முகப்பு ஃபைபரையும் கையகலத்துக்குப் பிளந்துவிட்டாள். அந்தச் சத்தம் பல்லைக் கூசவைத்தது. பலகையைத் தண்ணீரில் விட்டாள். அது அசைந்து அசைந்து, கண்ணுக்குத் தெரியாமல் கீழே போயிற்று. தன் கையால் தேய்த்த விளிம்பு என்று ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"காத்துல பிச்சுக்கிட்டுப் போயிருச்சு அண்ணே" என்று மாலையில் சொன்னாள். "முகப்பையும் பொளந்துருச்சு. இனி எதை மாட்டினாலும் தாங்காது, முகப்பையே புதுசா போடணும்."

அண்ணன் பிளவைத் தடவிப் பார்த்துவிட்டுத் துறை முழுக்கக் கேட்கும்படி கத்தினான். "சொன்னேனா இல்லையா? படகைக் கெடுத்து வச்சுட்டியே சனியனே! கண்ணாடியாம், கண்ணாடி!" கன்னத்தில் ஓர் அறையும் கொடுத்தான். பயணிகள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

ஒண்ணாந்தேதி மச்சான் ஓட்ட வந்தான். கரையை விட்டு நாலு பனை தூரம் போவதற்குள் திரும்பிவிட்டான். "என்னால ஆகாது மாமா, கண்ணைத் திறக்கவே முடியல" என்று தண்ணீர் வாங்கி முகத்தைக் கழுவினான். அவன் கண் சிவந்திருந்ததைப் பார்த்து அவளுக்கு மனசு குளிர்ந்தது. இத்தனை சந்தோஷம் அந்த நல்ல தடுப்பும் கொடுக்கவில்லை.

"என்ன நிக்கிறே, எடு படகை" என்றான் அண்ணன்.

எடுத்தாள். மழைக்காலம் வந்து போயிற்று, காற்றுக்காலம் வந்தது. டாக்டரிடம் அவள் மறுபடி போகவில்லை. போனால் அவர் என்ன சொல்வார் என்பது அவளுக்கு முகம் பார்க்கும் கண்ணாடியிலேயே தெரிந்தது. இடது கண்ணின் சதை கறுப்பு விழிமேல் ஏறி நடுவுக்கு வந்துவிட்டது. வலது கண்ணில் இப்போதுதான் ஓரம் தொட்டிருக்கிறது. இடது பக்கம் நிற்கும் படகுகள் புகைபோலத்தான் தெரிகின்றன, அதனால் முகத்தை ஒரு பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு ஓட்டுகிறாள்.

ஒரு நாள் படகைக் கட்டிக்கொண்டிருந்தபோது இடப்பக்கத்திலிருந்து அண்ணனின் குரல் கேட்டது. எவ்வளவு நேரமாக நிற்கிறானோ.

"ஏய், ஒரு மாதிரியா ஓட்டுறியாமே, ஆளுங்க சொல்றாங்க. கண்ணு நல்லாத் தெரியுதா?"

அவள் தலையை முழுவதும் திருப்பி, வலது கண்ணால் அவன் முகத்தைத் தேடிப் பிடித்தாள்.

"நல்லாத் தெரியுதுண்ணே" என்றாள். "ஆளை ஏறச் சொல்லுங்க."