அத்தானின் நிறம்

அந்த வண்ணக்குழாயின் மேல் ‘தோல் நிறம்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. வெம்பிளியில் ஒரு கடையில் வாங்கி, பஸ்ஸில் வரும்போதே மூடியைத் திருகிப் பிதுக்கிப் பார்த்தேன். நல்ல றோசா நிறம். யாருடைய தோலப்பா இது என்று கேட்க ஆளில்லை. யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டு வருடம் சித்திரம் படிப்பித்தவனுக்கு, ஒரு தமிழ் முகத்தின் நிறத்தைக் கடையில் வாங்க முடியாது என்பது தெரியாதா? தெரியும். ஆனால் அப்போது எனக்கு நிறம் கலக்கவே வரவில்லை. எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வந்தவன், பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் மாறி ஷிப்ட் நின்று, மூன்று வருடமாக ஒரு கோடுகூடக் கீறவில்லை. தூரிகையைப் பிடித்தால் அது வேறு யாருடைய கையோ போலிருந்தது.

குழாயை வாங்க வைத்தவள் என் அக்கா. அந்த வருடம்தான் ஒரேயொரு பையுடன் ஹரோவில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தாள். ஊரில் அவள் கணவரை, என் அத்தானை, விசாரணை என்று கூட்டிக்கொண்டு போன ஆமிக்காரர் திருப்பி அனுப்பவில்லை. பிறகு வீடு எரிந்தபோது கலியாண அல்பமும் எரிந்துபோயிற்று. அவரின் ஒரு படமும் அவளிடம் மிஞ்சவில்லை. “தம்பி, அவரின்ரை முகம் எனக்கு மறந்துகொண்டு வருது. நீ ஒருக்காக் கீறித் தா,” என்றாள். மூக்கு ஞாபகம் இருக்கிறதாம், சிரிப்பும் ஞாபகம் இருக்கிறதாம், இரண்டையும் சேர்த்தால் வேறு யாரோ வந்து நிற்கிறாராம். ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்: படத்தைச் சுவரில் மாட்டக்கூடாது. எங்கள் வீடுகளில் ஒருவரைத் தனியாகப் பெரிதாக மாட்டி வைத்தால் அவர் போய்விட்டார் என்றுதான் வருகிறவர்கள் நினைப்பார்கள். அடுத்தது பொட்டு, மாலை, முன்னால் எரியும் சின்ன பல்ப். அக்காவோ அத்தான் வருவார் என்று இருந்தவள்.

கோடை முழுவதும் முயன்றேன். கண்ணும் மூக்கும் ஒருவாறு வந்தன, நிறம் வைத்ததும் அத்தான் செத்துப்போனார். அந்தச் சொல்லையே மனதுக்குள் சொல்லிவிட்டு, அக்காவுக்குக் கேட்டுவிட்டதோ என்று பயந்து படத்தைத் துணியால் மூடிவைத்தேன்.

ஒக்டோபர் வந்தது. அக்காவுக்கு அது முதல் இலையுதிர்காலம். வாசலைக் கூட்டப் போனவள் விளக்குமாற்றை ஊன்றியபடி நின்றுவிட்டாள். “இதென்ன தம்பி, இந்த ஊரிலை முழு மரமும் ஒரேயடியாப் பழுக்குது!” அந்தச் சொல் என்னை உலுக்கியது. இந்த ஊர்க்காரருக்கு இலை விழுகிறது, வாடுகிறது, சாகிறது. எங்கள் பேச்சில் இலை பழுக்கிறது. மூன்று ஒக்டோபரை இதே ஊரில் கழித்தும் நான் அதைப் பார்க்கவில்லை. சற்று நேரத்தில் அக்கா ஓர் இலையை உள்ளங்கையில் வைத்து மாடிக்குக் கொண்டுவந்தாள். “இந்தா, அவரின்ரை கன்னம்.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சேலைக்கு மேல் என் கோட்டை மாட்டிக்கொண்டு திரும்பவும் தெருவுக்குப் போனாள். “இது அவர் வெயிலுக்கை நிண்டிட்டு வாற நேரம். இது நெத்தி. இது கொஞ்சம் கூடக் கறுப்பு, ஆனா கோவம் வந்தா இப்பிடித்தான்.” இலைகளை வண்ணத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்து, மண்ணிறத்துக்குள் மஞ்சளும் சிவப்பும் துளி நீலமும் விட்டுக் கலந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், படம் முடிய எடுத்த அந்தப் பதினொரு நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன். யாருடைய துக்கத்தை வைத்துக் கீறுகிறேன் என்பதுகூட மறந்துபோயிற்று. முடிந்ததும் அக்கா வெகுநேரம் பார்த்துவிட்டு, “ஓம், அவர்தான்,” என்றாள். அவ்வளவுதான்.

எண்ணெய் வண்ணம் அந்தக் குளிரில் காய மறுத்தது. படத்தைக் கீழே முன்னறையில் ஹீட்டருக்கு மேலிருந்த தட்டில் சாய்த்துவைத்து, சூடு படட்டும் என்று ஒரு மேசை விளக்கையும் முன்னால் ஏற்றிவைத்தேன். முட்டாள் வேலை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்வந்த பக்கத்துத் தெரு மாமி எட்டிப்பார்த்தார். நான் குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது மாமி கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். அத்தானின் நெற்றியில் கோயில் குங்குமம். மாடிப்படியில் அக்கா.

“எப்ப பிள்ளை காலமானவர்? எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே,” என்றார் மாமி.

அக்கா இறங்கி வந்து சேலைத் தலைப்பால் துடைத்தாள். காயாத வண்ணம் குங்குமத்தைக் குடித்துவிட்டிருந்தது. துடைக்கத் துடைக்கச் சிவப்பு நெற்றி முழுவதும் பரவியது. மாமியில் பிழையில்லை, விளக்கு வைத்தவன் நான். “திருப்பிக் கீறுறன் அக்கா,” என்றேன். “பிறகு பாப்பம்,” என்று படத்தைத் தூக்கிக்கொண்டு போய் அலுமாரிக்குள் வைத்தாள்.

அன்றிலிருந்து இன்றுவரை என் கை நிற்கவில்லை. தொண்ணூறுகளில் இரண்டு மூன்று இடங்களில் படங்களைக் காட்சிக்கு வைத்தேன், வாங்கிப் போனவர்களும் உண்டு. இப்போதும் ஒக்டோபர் பிறந்தால் பித்துப் பிடித்தவன்போல் மரங்களின் கீழே திரிகிறேன். பார்க்கிறவர்கள் என் படங்களின் நிறத்தைப் புகழ்கிறார்கள். அதை எனக்குத் தேடித் தந்தவளுக்கு நான் என்ன செய்தேன் என்று அவர்களிடம் சொன்னதில்லை.

மாமி குங்குமம் வைத்ததற்கு அடுத்த வருடம் இலைகள் பழுத்ததும் நிறத்தைக் கலந்து ஆயத்தமாக வைத்துக்கொண்டு அக்காவைக் கூப்பிட்டேன். “இப்ப நெத்தியைச் சரிபண்ணலாம்.” அவள் அலுமாரியைத் திறந்து படத்தை எடுத்துவந்தாள். வண்ணம் இறுகியிருந்தது. காய்ந்துவிட்டதா என்று விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள்.

“வேண்டாம் தம்பி, அது அப்பிடியே இருக்கட்டும்,” என்றாள். “முன்னறைச் சுவரிலை ஒரு ஆணி அடிச்சுத் தா.”