மூன்றாம் ஓலை அன்று ஓடைக்கரையில் நடந்தது

போன ஆடி மாதம் என் மகன் வீட்டை விட்டுப் போய்விட்டான். உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் நான் நடமாடிக்கொண்டிருந்தேன். சபையில் சாட்சி சொல்கிறவர்கள் முதலில் ஒரு பாட்டு பாடி, ஒரு வசனம் சொல்லி, பிறகு விஷயத்துக்கு வருவார்கள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஆண்டவருக்கு என்னைத் தெரியும்.

என் பெயர் சலோமி. செய்யூர் பக்கம் கொல்லைமேடு. நாவலூரில் ஒரு கம்பெனியில் ஹவுஸ் கீப்பிங் வேலை. விடிவதற்கு முன்னால் கான்டிராக்டர் வேன் வரும், ஏறினால் இருட்டியபிறகுதான் வீடு. என் கணவர் சாமுவேல் பெயின்டர். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள், ஷீபா, பிரவீன். என் அப்பா அடுத்தவர் கடலைக்கொல்லையில் கூலிக்குக் களை எடுத்தவர். பிரவீன் டிகிரி முடித்து, நான் தரை துடைக்கிற அதே நாவலூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலைக்குப் போனான். கழுத்தில் ஐடி கார்டைத் தொங்கவிட்டுக்கொண்டு அவன் பஸ்ஸுக்கு நடப்பதை ஊரே பார்க்கும். நானும் பார்ப்பேன்.

அந்த வேலை போய்விட்டது. அவன் எங்களிடம் சொல்லவில்லை. தினமும் அதே மாதிரி சட்டையை மாட்டி, கார்டைத் தொங்கவிட்டு, கிளம்பிப் போய்க்கொண்டிருந்தான்.

என் கணவருக்கு அப்போது மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் பெயின்ட் வேலை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளியே வந்தவர், கடற்கரையில் பாறைமேல் மகன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறார். ஐடி கார்டு கழுத்திலேயே இருந்ததாம். ஓடிப்போய் அறைந்துவிட்டார். கூட வேலை செய்கிற நம் ஊர் ஆட்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரவீன் கார்டைக் கழற்றி அப்பா கையில் வைத்துவிட்டு, மணலில் நடந்து போய்விட்டான். வீட்டுக்கு வரவில்லை. போனும் ஆஃப்.

அந்த நேரத்தில்தான் ஷீபாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வினோத், ஓடைக்கரை பையன், தண்ணீர் டேங்கர் லாரி ஓட்டுகிறவன். நம் பக்கத்தில் மாப்பிள்ளைக்கு மாலை போட்டுக் கைபிடித்துக் கோயிலுக்குள் அழைத்து வருவது பெண்ணின் உடன்பிறந்தவன்தான். அவனைக் காணோம் என்றால் சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள்? "கேட்டா பெங்களூருக்கு டிரெய்னிங் போய்க்கீறான்னு சொல்லு," என்றார் என் கணவர். போலீசுக்கும் போக வேண்டாம் என்றார். நானும் தலையாட்டினேன். அவனுடைய சிநேகிதர்களைக் கேட்டோம், நாவலூரில் அவன் தங்கக்கூடிய இடங்களில் எல்லாம் கேட்டோம். யாருக்கும் தெரியவில்லை.

பிறகு ஒரு நாள், கடலில் மிதந்துவந்த ஒரு வாலிபனின் உடல் கரை ஒதுங்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டோம். என் கணவர் பார்க்கப் போனார். நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து தண்ணீர் குடிக்கக்கூட முடியவில்லை. திரும்பி வந்தவர் செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றார்.

"அவன் இல்ல," என்றார். "நீலச் சட்ட. கையில செவப்புக் கயிறு. யாரு பெத்த புள்ளையோ."

நான் "ஸ்தோத்திரம்" என்று சத்தமாகச் சொன்னேன். சொன்ன வாய் உடனே கசந்தது. எவளோ ஒருத்தியின் பிள்ளை அங்கே கிடக்கிறது, நான் இங்கே ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

அன்றைக்கு ஆயருக்குப் போன் செய்தேன். வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் குருசேகரத்தில் ஆறு ஊர், ஆறு கோயில், ஆயர் ஒருவர். அதனால் முறை போட்டிருக்கிறார்கள். கொல்லைமேட்டுக்கு மாதத்தின் கடைசி ஞாயிறு. மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் யோசுவா அண்ணன் தன் மொபெட்டில் வந்து ஆராதனை நடத்திவிட்டு அடுத்த ஊருக்கு ஓடுவார். என் விஷயத்தை முழுதாகச் சொல்வதற்குள் ஆயர், "அம்மா, கமிட்டி மீட்டிங்ல இருக்கேன். உங்க ஊர் முறை கடைசி ஞாயிறு வருதுல்ல, அன்னைக்கு வீட்டுக்கு வந்து ஜெபிக்கிறேன்," என்றார். அது மாதத்தின் தொடக்கம்.

போனை வைத்துவிட்டேன். கமிட்டியில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியும். கோயிலுக்கு முன்னால் வளைவு கட்டுவது, அதில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே. இதைப் படிக்கிற கமிட்டிக்காரர்கள் கோபப்பட்டால் படட்டும். என் பிள்ளை எந்த முறைப்படி காணாமல் போனான்?

மறுநாள் கம்பெனியில் பாத்ரூமைத் துடைத்துக்கொண்டே ஜெபம் செய்தேன். ஜெபம் என்று சொல்லக்கூடாது, சண்டை. "ஆண்டவரே, உமக்கும் முறை போட்டிருக்காங்களா? எங்க ஊருக்கு என்னிக்கு வருவீர்? கடைசி ஞாயித்துக்கெழமதானா?" என்று கேட்டேன். மாப்பை சுவரில் அடித்ததில் கம்பு முறிந்துவிட்டது. சூப்பர்வைசர் வந்து திட்டினாள். அழுகைகூட வரவில்லை எனக்கு. கோபம்தான் வந்தது.

இப்படியே நாள் ஓடி, ஷீபாவின் ஓலை இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. நம் சபைகளில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, பெண் ஊரிலும் மாப்பிள்ளை ஊரிலும், இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை இருந்தால் தெரிவிக்கலாம் என்று அறிவிப்பார்கள். அதுதான் ஓலை. மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள் யோசுவா அண்ணனை அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அண்ணே, நீங்க ஒருத்தரு மட்டும் ஜெபம் பண்ணுங்க. வெளில மூச்சு வுடக்கூடாது. ஓடைக்கரைக்குத் தெரிஞ்சா கல்யாணம் நின்னுடும்."

"இன்னா தங்கச்சி, என்னப் பத்தித் தெரியாதா? நான் வாயத் தொறப்பனா?"

தொறந்தார்.

ஞாயிறு காலை எங்கள் ஊரில் ஒழுங்காக ஓலை வாசித்தார், ஒழுங்காக ஜெபித்தார், மொபெட்டை எடுத்துக்கொண்டு ஓடைக்கரைக்குப் போனார். அங்கேயும் ஓலையை வாசித்தார். புத்தகத்தை மூடினார். கண்ணை மூடினார். அங்கேதான் வினை. யோசுவா அண்ணன் கண்ணை மூடிவிட்டால் எந்த ஊரில் நிற்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது. ஆறு கோயிலில் ஒரே ஜெபத்தைச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். அதோடு எங்கள் பக்கத்து வழக்கம் வேறு. ஒருவனுக்காக ஜெபித்தால் பெயர், அப்பா அம்மா பெயர், ஊர், அடையாளம், கஷ்டம் எல்லாவற்றையும் சொல்லித்தான் ஜெபிப்பார்கள். ஒவ்வொரு ஊரிலும் நாலு பிரவீன் இருக்கிறான். விலாசம் சொல்லாவிட்டால் ஆசீர்வாதம் வேறு வீட்டுக்குப் போய்விடும் என்று எங்களுக்கு ஒரு பயம்.

"ஆண்டவரே, கொல்லைமேடு சாமுவேல் சலோமி மகன் பிரவீன், இடது புருவத்தில வெட்டுத் தழும்பு உள்ளவன், தகப்பனிடம் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன அந்த மகனை..." என்று ஆரம்பித்து, முழுவதையும் சொல்லி ஆமென் போட்டிருக்கிறார். கண்ணைத் திறந்தால் எதிரே முதல் வரிசையில் மாப்பிள்ளையின் அம்மா ராணி.

வெளியே வந்து எனக்குப் போன் செய்தார். "தங்கச்சி, ஒரு தப்பு நடந்துபூட்ச்சி."

கேட்டேன். கேட்டுவிட்டு நான் பேசியதை இங்கே எழுத முடியாது. "யோவ்" என்பதுதான் அதில் மரியாதையான வார்த்தை. என் மகனும் போனான், மகள் கல்யாணமும் போனது என்று போனைக் கட்டிலில் எறிந்தேன். ஷீபா கல்யாணப் பட்டுக்கு ஜாக்கெட் அளவு பார்த்துக்கொண்டிருந்தாள், அதை அப்படியே மடித்து வைத்துவிட்டாள். "ஆண்டவரே, கேட்டது ஒன்று, நீர் செய்தது ஒன்று," என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மத்தியானம் வாசலில் பைக் சத்தம். வினோத் ஓட்ட, பின்னால் ராணி. அந்த அம்மாவைக் கண்டாலே எனக்குப் பயம். குரலே அதட்டல்தான். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை.

"இன்னா சம்பந்தி, பெங்களூரு டிரெய்னிங் முட்ஞ்சிதா?"

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். நான், "பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. உங்க முடிவச் சொல்லிடுங்க," என்றேன்.

"இன்னா முடிவு? புள்ள காணோம்னா கல்யாணத்த நிறுத்திடுவேன்னு நெனச்சிகினு கீறியா? நான் இன்னா ராட்சசியா? நானும் புள்ள பெத்தவதான். வயித்துல நெருப்பக் கட்டிகினு எங்கூட்டுக்கு வந்து பத்திரிகை வெச்சிட்டுப் போனியே, ஒரு வார்த்த சொன்னா வாயி வெந்துடுமா?"

நாற்காலியை மறுபடியும் அவர் பக்கம் தள்ளினேன்.

"ம்மா, திட்டுறத அப்பறம் வெச்சிக்கோ. மேட்டரச் சொல்லு," என்றான் வினோத். பிறகு அவனே சொன்னான். ஆமென் போட்டதும் கோயிலில் யாரும் எழுந்து போகவில்லையாம். வாலிபர்கள் எல்லாரும் தெரிந்தவர்களிடம் விசாரிக்கப் போனை எடுத்துவிட்டார்களாம். அப்போது மோசஸ் என்ற இன்னொரு டேங்கர் டிரைவர் கேட்டிருக்கிறான்: "புருவத்துல தழும்பா? லெஃப்ட்லயா?" படூரில் அவன் தண்ணீர் இறக்கும் ஓர் அப்பார்ட்மென்டில் புதிதாக ஒரு செக்யூரிட்டி. பேச்சு நம் பக்கத்துப் பேச்சு. செய்யூர் பக்கமா என்று கேட்டால் இல்லை என்கிறான். பெயர் கேட்டால் குமார் என்கிறான். ஆனால் புருவத்தில் தழும்பு.

மோசஸ் அன்று சாயங்காலம் படூருக்குத் தண்ணீர் கொண்டுபோக வேண்டியிருந்தது. நானும் என் கணவரும் அந்த லாரியிலேயே ஏறிவிட்டோம். வழி முழுவதும் பின்னால் தண்ணீர் தளும்பும் சத்தம். படூரில் அந்தத் தெருவில் திரும்பியபோதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வேன் தினமும் அங்கேதான் நிற்கும். அந்த அப்பார்ட்மென்டுக்கு அடுத்த பில்டிங்கில் இருக்கிற இரண்டு பெண்களை ஏற்றிக்கொண்டுதான் நாவலூர் போவோம். தினமும் அந்த கேட்டைப் பார்த்திருக்கிறேன். பார்த்துக்கொண்டேதான் "எங்கே என் பிள்ளை" என்று ஆண்டவரோடு சண்டை போட்டிருக்கிறேன்.

மோசஸ் ஹாரன் அடித்தான். செக்யூரிட்டி கேட்டைத் தள்ளித் திறந்தான். சட்டை தொளதொளவென்று இருந்தது, யாருடைய சட்டையோ. லாரியை உள்ளே விடுவதற்காகக் கையைக் காட்டியவன், மேலே பார்த்தான். கை அப்படியே நின்றது.

"ம்மா? நீ இன்னாத்துக்கு லாரில வந்துக்கிற?"

நான் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. நாலு அடி அடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். பக்கத்தில் போனதும், "நாஸ்தா துன்னியாடா?" என்றுதான் வாயில் வந்தது. சாயங்காலத்தில் எந்தக் காலைப் பலகாரம்? அவன் சிரித்தான், உடனே அழுதான்.

என் கணவர் கொஞ்சம் தள்ளியே நின்றார். பிறகு கிட்டே வந்து, "வேல போனா போவுட்டும்டா. வூடு எங்கயும் போவல, அங்கியேதான் கீது," என்றார். மன்னிப்பு என்று அவர் கேட்கவில்லை. அவருக்கு அவ்வளவுதான் வரும். பிரவீனுக்கு அது போதுமாக இருந்தது. அடுத்த ஷிப்ட் ஆள் வரும்வரை கேட்டைவிட்டு நகர மாட்டேன் என்று நின்றான். நாங்களும் கூடவே நின்றோம்.

கல்யாணத்தன்று வினோத்துக்கு மாலை போட்டு, கைபிடித்துக் கோயிலுக்குள் அழைத்துவந்தது பிரவீன்தான். ஆயர் வந்து நடத்திவைத்தார். இப்போது பிரவீன் நாவலூரில் வேறு வேலைக்குப் போகிறான், என்ன வேலை என்று எங்களுக்குத் தெரியும்.

என் கோபம் போய்விட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆயர் கெட்டவர் இல்லை, ஆறு ஊரை ஒரு மனுஷன் தலையில் கட்டினால் அவரும் என்ன செய்வார். ஆனால் முறை இன்னும் அதே முறைதான், வளைவுச் சண்டையும் முடியவில்லை. யோசுவா அண்ணன் போகிற இடமெல்லாம் "கர்த்தர் என்னைக் கருவியாகப் பயன்படுத்தினார்" என்று சாட்சி சொல்கிறார். "கருவி இல்லண்ணே, ஓட்ட வாயி," என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். "ஓட்ட வாயா இருந்தா இன்னா தங்கச்சி, தண்ணி எறங்கிச்சா இல்லியா?" என்கிறார். அதற்கு மேல் அவரோடு என்ன பேசுவது?

ஆனால் ஒன்று எனக்குப் புரிந்தது. தினமும் அந்த கேட் வழியாகப் போன என் கண்ணுக்கு ஆண்டவர் என் மகனைக் காட்டவில்லை. எவரிடம் மறைத்தேனோ அந்த ஓடைக்கரைக்குத்தான் காட்டினார். நான் மூடி வைத்திருந்த வரைக்கும் அழுதது நான் ஒருத்திதான். பெயரும் அடையாளமும் வெளியே வந்த அன்றே ஒரு கோயில் முழுக்க எனக்காக எழுந்தது. அதனால் ஆயர் வராத ஞாயிறுகளில் கொல்லைமேட்டில் இப்போது நாங்களே எழுந்து அவரவர் கஷ்டத்தைச் சொல்கிறோம். ஆமென் போட்டதும் செருப்பைத் தேடி ஓடுகிற வழக்கத்தை விட்டுவிட்டோம். யாரால் என்ன செய்ய முடியும் என்று பேசிவிட்டுத்தான் வெளியே போகிறோம்.

கரை ஒதுங்கிய அந்தப் பிள்ளையை நான் மறக்கவில்லை. முதல் ஞாயிறு எழுந்து நின்றபோது அவனுக்காகத்தான் கேட்டேன். பெயர் தெரியாது, அப்பா அம்மா தெரியாது, ஊர் தெரியாது. எனக்குத் தெரிந்த விலாசத்தைச் சொன்னேன்: நீலச் சட்டை, கையில் சிவப்புக் கயிறு. அவனைத் தேடுகிற தாய் எங்கே இருந்தாலும் அவளைத் தாங்கும் என்று கேட்டேன். ஆறு ஊரிலும் அப்படியே சொல்லச் சொல்லியிருக்கிறேன். யோசுவா அண்ணன் இதையாவது மறக்காமல் சொல்கிறார்.

உங்கள் வீட்டிலும் ஏதோ ஒன்று மூடிக் கிடக்கும். சம்பந்தி என்ன சொல்வார், ஊர் என்ன சொல்லும் என்று பார்க்காதீர்கள். உபதேசியாரிடம் ரகசியமாகச் சொல்லவும் வேண்டாம், அவர் எப்படியும் சொல்லிவிடுவார். நீங்களே கோயிலில் எழுந்து நின்று உங்கள் பிள்ளையின் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள். ஊரையும் தழும்பையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆண்டவருக்கு விலாசம் வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு வேண்டும்.