தென்கடல் தீவில் எங்க ஊர்க்காரி

தெற்கு ஜார்ஜியாத் தீவின் கரையெங்கும் பென்குயின்கள் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. விரிகுடாவின் மறுகோடியில், திமிங்கில எண்ணெய் காய்ச்சிய பழைய ஆலை துருவேறிக் கிடக்கிறது. அலை பெரிதாக எழுவதால், எங்களுக்கு முன்னால் போன இரண்டு ரப்பர் படகுகளும் கரையேறாமல் கப்பலுக்கே திரும்பிவிட்டன.

பயத்தில், “முருகா!” என்கிறேன். எங்கள் படகை ஓட்டும் பெண் சட்டென்று திரும்பிப் பார்க்கிறாள்.

“பயப்படாதீய அண்ணாச்சி. எந்த ஊரு?”

“ஏரல். நீயும் நம்ம பக்கமாம்மா?”

“தூத்துக்குடி. எங்கப்பா சங்கு குளிச்சவரு. கயித்தப் பிடிச்சுக்கிடுங்க, பெரிய அலை மூணு மூணாத்தான் வரும், மூணும் போவட்டும்.”

மூன்றும் போகின்றன. அடுத்தது எழும்புவதற்குள் படகு மணலில் ஏறி நிற்கிறது. ஒரு யானைச் சீல் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கிப்போகிறது.

பக்கத்திலிருந்த ஜெர்மன்காரர் கைதட்டிவிட்டு, அவள் எந்த நாடு என்று என்னிடம் கேட்கிறார்.

“எங்க ஊரு!” என்கிறேன். அவருக்குத் தமிழ் தெரியாது என்பது அப்புறம்தான் உறைக்கிறது.