நடுப்பகலில் அணைத்த ஏசி

உச்சி வெயில் தகரக் கூரையில் இறங்கும் நேரம் பார்த்து வெர்லீன் ஏசியை அணைத்தாள். அணைக்கும்போது கணவன் முகத்தைப் பார்க்கமாட்டாள். பார்த்துவிட்டால் அவளுக்குக் கை வராது.

பாலைவன ஊரான யூமாவில் ஜூலை மாதம். வெளியே நூற்றுப் பதினைந்து டிகிரி. குளிருக்குப் பயந்து தெற்கே வந்தவர்களெல்லாம் வடக்கே திரும்பிவிட்டார்கள். போக்கிடம் இல்லாதவர்கள் மட்டும் வண்டியில் இழுத்துவந்த தங்கள் டிரெய்லர் வீடுகளோடு, அவற்றை நிறுத்த இடம் வாடகைக்கு விடும் அந்த முகாமில் மிஞ்சிக் கிடந்தார்கள்.

கணவன் டெல்பர்ட்டுக்கு நரம்பு நோய். குளிர்ச்சியில் வைத்திருந்தால் தானே கரண்டி பிடித்துச் சாப்பிடுவான். உள்ளே சூடேறினால் முதலில் கால் விழும், பிறகு கை, கடைசியில் நாக்கும் குழறும். வாராவாரம் வரும் நர்ஸ் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள்: இவரைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்ள முடியாவிட்டால் அரசாங்கக் காப்பகம்தான். நாற்பது வருடம் ஒரே கட்டிலில் உறங்கிய இருவரில் ஒருவரை மட்டும் தூக்கிக்கொண்டு போவதா?

வெர்லீன் ஈரத் துண்டை அவன் கழுத்தில் சுற்றினாள்.

"ஏன் கெழவி, என்னை மீனுன்னு நெனச்சியா? ஈரத்துணியில சுத்திச் சந்தைக்கு அனுப்பப் போறியா?"

"உன்னை எவன் வாங்குவான்? வெறும் முள்ளுதான் இருக்கு."

டெல்பர்ட் சிரித்தான். அந்தச் சிரிப்பு பாதியிலேயே குழறியது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஏப்ரல் வரை இடத்துக்கு வார வாடகை. கரண்ட் அதிலேயே அடக்கம். இரவு பகல் ஏசி ஓடினாலும் கேட்பாரில்லை. மாத வாடகை என்றால் கிட்டத்தட்டப் பாதிதான் ஆகும் என்று கேட்டதும் ஆசைப்பட்டு மாறிக்கொண்டாள். கரண்டுக்கு மீட்டர் பார்த்துத் தனியாகக் கட்டவேண்டும் என்பது காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. முதல் மாத பில்லே வாடகையைத் தொட்டது. அன்றிலிருந்து விளக்கை அணைத்தாள், கரண்ட் அடுப்பை விட்டாள், கடைசியில் ஏசியிலும் கை வைத்தாள். ஆனால் அடுத்த பில் இன்னும் ஏறியது. டிரெய்லரை இழுக்கும் டிரக்கை விற்று அதைக் கட்டினாள். இனி நினைத்தாலும் அங்கிருந்து நகர முடியாது.

ஆகஸ்ட் பிறந்தது. முகாமின் மேனேஜர் ஓப்பல் பேட்டரி வண்டியில் மீட்டர் கணக்கு எடுக்க வந்தாள்.

"ஏம்மா வெர்லீன், உள்ள ஐஸ் ஃபேக்டரி எதுவும் நடத்துறியா?"

"மத்தியானம் பூரா அணைச்சு வெக்கிறேன் ஓப்பல். வந்து பாரேன், மனுஷன் வெந்து கெடக்கான்."

"மீட்டர் வேற கதை சொல்லுதே."

இன்னும் வடக்கே கிளம்பாத பக்கத்து இடத்து ராய்ஸ் நாற்காலியில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். பஸ் மாதிரி பெரிய வண்டி அவனுடையது. மேலே இரண்டு ஏசி, உள்ளே துணி துவைக்கும் மெஷின். நல்லவன்தான், டெல்பர்ட்டுக்கு அவ்வப்போது ஐஸ் கொண்டுவந்து கொடுப்பான்.

"நம்ம வண்டியில ரெண்டு ஏசி ஓடுது வெர்லீன். பில்லு பாத்தீங்கன்னா பூனைக்குட்டி கணக்கா இருக்கும். மெஷினைச் சுத்தமா வெச்சுக்கணும், அவ்வளவுதாங்க."

அன்று மாலை வெர்லீன் ஸ்டூல் போட்டு ஏறி, ஏசி வலையைக் கழற்றி, பல் தேய்க்கும் பிரஷால் ஒவ்வொரு கண்ணாகத் தேய்த்துக் கழுவினாள்.

அந்த வாரக் கடைசியில் ராய்ஸ் மிச்ச ஐஸையும் அரைத் தர்பூசணியையும் கொடுத்துவிட்டு மொன்டானாவுக்குக் கிளம்பிப் போனான். மறுநாள் பகலில் டெல்பர்ட் தண்ணீர் கேட்டது அவளுக்குப் புரியவேயில்லை, அவ்வளவு குழறல். பொறுக்கமாட்டாமல் ஏசியைப் போட்டாள். போட்டுவிட்டு, எவ்வளவு ஓடுகிறதென்று பார்க்க வெளியே ஓடினாள்.

இரண்டு இடத்துக்கும் நடுவே ஒரே கம்பம். அதில் இரண்டு மீட்டர், இரண்டு சாக்கெட். அவள் இடத்தின் எண் எழுதிய மீட்டர் அசையாமல் நின்றது. கூரையில் ஏசி இரைந்துகொண்டிருக்க, ஆளில்லாத ராய்ஸின் மீட்டர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளே போய் ஏசியை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள். அது நின்றது. மறுபடி போட்டாள். ஓடியது.

ஐயோ தெய்வமே! இத்தனை மாதமும் அவள் கட்டியது ராய்ஸின் இரண்டு ஏசிக்கு. கணவனை வேகவைத்து அவள் மிச்சம் பிடித்ததெல்லாம் ராய்ஸின் பில்லில்தான் குறைந்திருக்கிறது.

அவர்கள் கேபிளை ராய்ஸின் சாக்கெட்டில் சொருகியது யார்? இங்கே வந்து இறங்கிய அன்று, "நீ உள்ள போ, இது என் வேலை" என்று அவளை விரட்டிவிட்டு, ஒரு கையில் கோலை ஊன்றி, மறு கையால் டெல்பர்ட்தான் சொருகினான். அவன் நின்றுகொண்டு செய்த கடைசி வேலை அதுதான்.

ஓப்பல் வந்து பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். ராய்ஸுக்கு போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பிறகு முதலாளியைப் பிடித்தாள். போனிலிருந்து அவர் குரல் வெர்லீனுக்கும் கேட்டது.

"சொருகினது நாமளா? சாக்கெட் பாத்துச் சொருகறது தங்கறவங்க பொறுப்பு. கையெழுத்துப் போட்டிருக்காங்கல்ல? ஜூலை பில்லும் ஆகஸ்ட் வாடகையும் வரலேன்னா வெள்ளிக்கிழமை எடத்தைக் காலி பண்ணச் சொல்லு."

"அந்தாளுக்கு ஒடம்பு சரியில்லைங்க..."

"எனக்குந்தான் சரியில்ல, ஓப்பல்."

ஓப்பல் போனை வைத்துவிட்டு வெர்லீனின் கையைப் பிடித்தாள். "நானே இங்க ஓசி எடத்துல ஒண்டிக்கிட்டு இருக்கறவ. என்னால என்ன முடியும், சொல்லு" என்று அழுதாள்.

வெர்லீன் உள்ளே வந்தாள். குளிர்ச்சியில் டெல்பர்ட்டுக்கு நாக்கு திரும்பியிருந்தது. தர்பூசணியைத் தானே கரண்டியால் சுரண்டித் தின்றுகொண்டிருந்தான்.

"என்னவாம் ஓப்பலுக்கு?"

"மீட்டர்ல ஏதோ கோளாறாம். நம்ம பேர்ல தப்பா ஏறிடுச்சாம்."

"பாத்தியா! நம்ம பக்கம் ஒரு தப்பும் இருக்காதுன்னு எனக்குத் தெரியும். சரி, கட்டின காசைத் திருப்பிக் கேட்டியா?"

"கேக்கல."

"கேக்கலியா? உனக்கு வாயே கெடையாது வெர்லீன். நான் மட்டும் நடமாட்டமா இருந்திருந்தா அவங்களை உண்டு இல்லைன்னு பண்ணியிருப்பேன்."

"ஆமா, பண்ணியிருப்ப."

ஏசியை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்தினாள். நர்ஸின் நம்பரை அழுத்தினாள்.

"டெல்பர்ட்டுக்குக் காப்பகத்துல ஒரு கட்டில் கெடைக்குங்களா? வெள்ளிக்கிழமைக்குள்ள... ஏசிக்குப் பக்கமாப் பாத்துக் குடுங்கம்மா."

"கேட்டுப் பாக்கறேன். அவர் அங்க போயிட்டா நீங்க எங்க இருப்பீங்க?"

அதைப் பற்றி வெர்லீன் அதுவரை யோசித்திருக்கவே இல்லை.