ரிலே சர்வரில் மாதங்கி

நம்ப முடியாவிட்டால் பக்கத்தைப் புரட்டிவிடுங்கள். ஆனால் இது விஸ்வநாத்துக்கு நிஜமாகவே நடந்தது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் உலகத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிற, கோவிலில்கூடக் கண்ணை மூடாத மனுஷன் அவன்.

வண்டியூர்ப் பக்கம் ஒரு விதைக் கம்பெனி. மெயில் போக்குவரத்து அவன் பொறுப்பு. நடுவில் ரிலே சர்வர் என்று ஒன்று. போகிற மெயிலின் முகவரியை வழியிலேயே மாற்றி எழுதி அனுப்பிவிடும். அவன் மனைவி மாதங்கிக்கும் அங்கேதான் வேலை, டெஸ்பாட்ச்சில். தை மாதம் டெங்கு வந்து அவளைக் கொண்டுபோய்விட்டது.

அவள் முகவரியை எடுத்துவிடச் சொன்னது நிர்வாகம். கணக்கை மூடினான், பெயரை விட மனசு வரவில்லை. அவளுக்கு வருவதெல்லாம் தனக்கு வரும்படி ரிலேயில் ஒரு விதி எழுதினான். அழுதுகொண்டே எழுதினால் எது உருப்படும்? தலைகீழாக எழுதிவிட்டான். அவன் அனுப்புவதெல்லாம் அவள் பெயரில் போனது.

வாடிப்பட்டி டீலர் அழகுபாண்டி போன் செய்தான்.

"அண்ணே, அக்கா பேருல நெல்லு விலை வந்திருக்கு. அவுக உடம்புக்கு மாலை போட்டுட்டு வந்தவண்ணே நான்..."

"சர்வர் கோளாறு, பாண்டி."

"அப்ப பதில யாருக்குப் போட?"

விஸ்வநாத்துக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே அழுகையும் வந்தது.

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனபின் உட்கார்ந்தான். விதியை அழித்தால் போதும். ஆனால் அத்தோடு அவள் பெயர் இந்தக் கம்பெனியில் எங்கேயும் இருக்காது.

கடைசியாக ஒரு தடவை, அவள் முகவரிக்கே எழுதினான்.

"சாப்டியா?"

இல்லாத முகவரி. உடனே திரும்பி வந்து விழ வேண்டும்.

வரவில்லை.

சர்வரின் விசிறி... சட்டென்று நின்றது. மறுபடி சுற்றியது.

டிங்.

அவள் பெயர்.

"நீங்க முதல்ல சாப்டுங்கோ."

தன் மெயிலே சுற்றிவிட்டு வந்ததோ என்று பார்த்தான். இந்த வரியை அவன் எழுதவில்லை.

அழித்தால் போய்விடுவாள். அழிக்காவிட்டால் அவள் பெயரைப் பார்த்து ஊரே மிரளும். மாதங்கியைப் பார்த்து யாரும் மிரண்டதே கிடையாது, அவனைத் தவிர.

அழித்தான்.

அப்புறம்தான் கேன்டீன் ஒச்சம்மாள் தட்டோடு வந்தாள். அங்கே மெயில் போட்டால்தான் சோறு. மாதங்கி போனதிலிருந்து அவன் போட்டதே இல்லை.

"நான் கேக்கலையேக்கா?"

"மெயிலு வந்துச்சுய்யா. சாருக்குச் சளி, தயிரு வேணாம், ரசஞ் சூடா இருக்கட்டும்னு. இப்பத்தேன்."

காலையில் அவன் தும்மியது... யாருமில்லாத வீட்டில்.

சாப்பிட்டான். ரசம் சூடாகத்தான் இருந்தது.

பிறகு போய்ப் பார்த்தான். கேன்டீன் கம்ப்யூட்டரில் அந்த மெயில் இருந்தது. அவள் பெயரில்.

விதியை அழித்த பிறகு வந்தது.

ரிலேயின் பதிவில் அது இல்லை.

அந்தக் கம்பெனிக்குள் மெயில் நுழைய... வேறு வழியே கிடையாது.